நானூற்றுப் பதினேழு வந்திருந்தது

காகம் என்று நினைத்துத்தான் சோறு வைத்தேன். இந்த ஒரு வரியை எத்தனையோ வருடமாக எனக்குள் சொல்லிப் பார்த்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் 'நினைத்துத்தான்' என்ற இடத்தில் தடுக்குகிறது. உண்மையில் அப்படி நினைத்தேனா என்பது அன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, எண்பது வயதைக் கடந்த பிறகும் தெளிவில்லை. ஆகவே தெளிவாகத் தெரிந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் முற்பகுதியில் நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்தோம். செவன் ஹில்ஸில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு எஞ்சினியர் வேலை. வந்து நான்காவது மாதம் அப்பா இறந்துபோனார். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகன் நான், கொள்ளி வைத்தது தம்பி.

பறவைகளில் எனக்கு முன்பு எந்த ஈடுபாடும் இருந்ததில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து ஓடைக்கரையால் நடந்து போனபோது, மரத்தடியில் மடக்கு மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். அறுபது வயதிருக்கும். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கைக்குள் ஒரு சின்னஞ்சிறு பச்சைக் குருவியை வைத்துக்கொண்டு, பென்சிலைப் பல்லால் கடித்தபடி கொப்பியைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதத் தெரியுமா, லவ்?" என்று கேட்டார்.

படித்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா என்று ஒரு கணம் கோபம். அதைவிட அந்த 'லவ்' என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பால்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பது பிறகுதான் தெரியும். வீட்டில் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "வந்து ஒரு வருசத்துக்குள்ள ஒருத்தியைப் பிடிச்சிட்டியள். கெட்டிக்காரன்தான்."

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக வாழ்ந்தவர். குளிர்காலத்தில் சனி, ஞாயிறுகளில் ஓடைக்கரையில் முடியிழை போன்ற மெல்லிய வலைகளைக் கட்டுவார். சிக்கும் குருவிகளை எடுத்து, காலில் அலுமினிய வளையம் பூட்டி, நிறுத்து, சிறகை அளந்து விட்டுவிடுவார். பெரும்பாலும் வெள்ளைக்கண்ணிகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம், உடம்பின் நிறை ஒரு கடித உறையின் நிறை. அவற்றில் ஒரு வகை தாஸ்மேனியாவிலிருந்து கடலைத் தாண்டிக் குளிருக்கு இங்கே வந்து, வசந்தத்தில் திரும்பிப் போகும் என்றார். கடித உறையொன்று கடலைத் தாண்டும் என்பது எனக்கு நம்ப முடியாததாகவும், அதனாலேயே விட முடியாததாகவும் இருந்தது. மாவுக்கட்டு கழற்றிய பிறகும் நான்தான் எழுதினேன்.

அதற்கு ஒரு முறை இருந்தது. அவர் உருப்பெருக்கும் வில்லையை வைத்து வளையத்தின் இலக்கத்தை வாசிப்பார். நான் எழுதுவேன். எழுதியதை நான் உரக்கத் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் வளையத்தை இன்னொரு தரம் பார்த்து "சரி" என்பார். பிறகே கை திறக்கும். அந்தச் 'சரி' இல்லாமல் எந்தக் குருவியும் அவர் கையிலிருந்து பறந்ததில்லை.

குருவிகளுக்குப் பெயர் வைப்பது அவருக்குப் பிடிக்காது. "பெயர் வைத்தால் பொய் சொல்லத் தொடங்கிவிடுவோம்" என்பார். இலக்கத்தின் கடைசி மூன்று எண்ணைத்தான் சொல்வார். அப்படி அவர் வாயில் அடிக்கடி வந்த ஒன்று நானூற்றுப் பதினேழு. ஆறு குளிர்காலமாக ஒவ்வொரு வருடமும் அதே ஓடை, அதே வளைவு, அதே பற்றைப் புதருக்கு அது வந்து சிக்கியிருந்தது. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாத இனம், ஆனாலும் அவர் 'அவள்' என்றுதான் சொல்வார்.

எனக்கு அங்கே மூன்றாவது குளிர்காலம் வந்தபோது அந்த இலக்கத்துக்கு ஒரு பாரம் ஏறியது. நகரசபை அந்த ஓடையைக் கொங்கிரீட் குழாய்க்குள் விட்டு, மேலே மண் நிரப்பிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக அறிவித்தது. கூட்டமொன்றில் இவர் எழுந்து பேசியிருக்கிறார். "குருவிக்கு என்ன அம்மா, அடுத்த பற்றைக்குப் போய்விட்டுப் போகிறது" என்று ஒரு உறுப்பினர் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"அவருக்குப் பதில் எழுதுகிறேன்" என்று தட்டச்சு செய்த கடிதமொன்றை எனக்குக் காட்டினார். "'இதே குருவி, ஏழு குளிர்காலம், இதே பற்றை.' ஏழாவதற்குத் திகதி போட இடம் விட்டிருக்கிறேன், பாருங்கள். செப்டெம்பர்க் கூட்டத்துக்கு முன் அவள் வரவேண்டும்."

"ஆறு போதாதா?"

"போன கோடையில் கரையில் பாதியை அவர்கள் வெட்டிவிட்டார்கள், லவ். ஆறு என்றால், 'பார்த்தீர்களா, வேறு இடம் போய்விட்டது' என்பார்கள். ஏழு என்றால் வாய் திறக்க மாட்டார்கள்."

இனி என்னுடைய பக்கத்தைச் சொல்ல வேண்டும்.

ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம். சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைக்கலாம். எங்கள் பிளாட்டின் பல்கனியில் முதல் வருடம் வைத்தபோது காகம் வரவில்லை.

"இஞ்சாருங்கோ, மைனாதான் வந்து நிக்குது" என்றாள் மனைவி.

"காகம் வரட்டும்."

"மூண்டு மணியாச்சு. எனக்குக் கண் இருட்டுது. மைனாவும் எங்கட பக்கத்தில இருந்து கப்பலேறி வந்ததுதானாம். எங்கட ஆள்தானே! காகம் எண்டு எழுதிவிடுங்கோ. மாமிக்கு என்ன தெரியப்போகுது?"

"அம்மாவுக்குப் பொய் எழுதச் சொல்லுறீரோ?"

நான் பொய் எழுதவில்லை. காகம் வரவில்லை என்று எழுதினேன். அம்மாவின் பதிலில் ஒரு வரி இருந்தது: "நீ கொள்ளி வைக்காததில் அப்பாவுக்கு ஏதோ மனக்குறை போலும்." அடுத்த வருடமும் வரவில்லை. அடுத்த பதிலில் அம்மா அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதாதது எனக்கு இன்னும் கனத்தது. நான் எஞ்சினியர், இதையெல்லாம் நம்புகிறவனல்ல என்று ஆபீஸில் சொல்லிக்கொள்வேன். வீட்டில் கடிதத்தை மடித்து வைக்கும் முன் அந்த வரியை இன்னொரு தரம் வாசிப்பேன். இந்த இரண்டு ஆட்களில் நான் யார் என்பதே அப்போது பெரிய குழப்பம்.

மூன்றாவது வருடம் ஆடி அமாவாசை ஒரு சனிக்கிழமையில் விழுந்தது. ஓடைக்கு அப்பால் மேட்டு மரங்களில் கரிய பறவைகள் கூட்டமாக இருப்பதை நான் பார்த்திருந்தேன். சோற்றை அங்கே கொண்டுபோவதென்று முடிவு செய்தேன். மனைவி விடிய முன்னமே எழும்பிச் சமைத்தாள்.

"விரதத்துக்கெண்டு காத்தோட்டிக்காய்க்கு நான் எங்க போறது? வாழைக்காயும் பூசணியும்தான். உங்கட அப்பா சமாளிக்கட்டும்."

"வாழையிலை?"

"பாண் சுத்திற கடதாசி கிடக்கு. அதுவும் சமாளிக்கட்டும்."

அந்த அம்மையாரிடம் விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம். தேநீர் வேண்டுமா என்று கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன். பதினொரு மணியளவில் வலைகளைப் பார்க்கும் முறை என்னுடையது. மூன்று வலை, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம். மூன்றாவது ஓடையின் வளைவில், மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. அதற்கு முப்பது காலடி தள்ளி ஒரு தட்டையான கல். முதலிரண்டு வலைகளும் வெறுமை. மூன்றாவதைப் பார்க்கும் முன் கல்லில் கடதாசியை விரித்துச் சோற்றை வைத்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்ல, "கா… கா…" என்றேன்.

வந்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஆறோ ஏழோ. கன்னங்கரேலென்று, பெரிய அலகோடு. சோற்றைக் குத்திக் குத்தி எடுத்தன. நான் கைகூப்பியபடி நின்றேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. அப்பாவிடம் ஏதேதோ சொன்னேன்.

அவற்றின் கண் மஞ்சள். வால் அடியில் வெள்ளை. இதை நான் பார்த்தேன். பார்த்ததை மறுக்க முடியாது. எந்த ஊர்க் காகத்துக்கும் வாலில் வெள்ளை கிடையாது. கறவொங் என்றொரு பறவை, அது இறங்கினால் வலையை உடனே சுருட்டிவிட வேண்டும், சிக்கிய குருவிகளைத் தின்றுவிடும் என்று அந்த அம்மையார் முதல் வருடமே சொல்லியிருந்தார். அந்தப் பெயரும் இந்தப் பறவையும் ஒன்றென்று எனக்கு அப்போது தெரிந்ததா? தெரிந்தும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டேனா? காகம் வரவேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். கண் நன்றாகத் தெரிந்தது என்றும் சொல்லலாம். இதில்தான் நான் இன்றுவரை சிக்கிக் கிடக்கிறேன்.

சோறு முடிந்தது. ஒரு பறவை தலையைத் திருப்பி வளைவுப் பக்கம் பார்த்தது. பிறகு எல்லாம் சேர்ந்து எழும்பின. வலையில் ஏதோ படபடத்தது எனக்கும் அப்போதுதான் கேட்டது. ஓடினேன். முப்பது காலடிதான்.

வலையில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் தலையில்லாமல் தொங்கின. மூன்றாவது இருந்த இடத்தில் ஓட்டையும் கொஞ்சம் பச்சை இறகும். கீழே புல்லில் ஒரு கால், குச்சியைவிட மெல்லியது. அதில் வளையம். வில்லை என் கழுத்தில் தொங்கியது. குனிந்து வாசித்தேன். நாலு, ஒன்று, ஏழு.

வளையத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். காலைப் புல்லுக்குள் விட்டேன். கை தானாகச் செய்தது என்று எழுதினால் அது பொய். கடதாசியைக் கசக்கி மற்றப் பைக்குள் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. சோற்றுப் பருக்கை ஒன்றும் கல்லில் இல்லையே என்று திரும்பிப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

செத்த இரண்டையும் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கறவொங். இந்தப் பக்கம் இறங்குவதே இல்லையே. எதைத் தேடி வந்தன?"

"தெரியாது."

"என் பிழை. சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும்." பிறகு கேட்டார், "இதில் வளையம் போட்டது உண்டா?"

"இல்லை" என்றேன்.

கொப்பியில் அதை நானே எழுதினேன். இரண்டு இறப்பு, வளையம் இல்லை. உரக்கத் திருப்பி வாசித்தேன். அவர் கையிலிருந்த இரண்டையும் பார்த்து "சரி" என்றார். அந்த இரண்டில் வளையம் இல்லைதான். அது பொய்யல்ல என்று வீட்டுக்குக் கார் ஓட்டும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

மனைவி சாப்பிடாமல் காத்திருந்தாள். "காகம் எடுத்ததோ?"

"ஓம்."

"கனக்க வந்ததோ?"

"ஆறேழு."

"அப்பாடா! கையக் கழுவிப்போட்டு வாங்கோ. நான் மாமிக்கு எழுதிறன்." அன்றே எயர்மெயில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் வாங்கினாள். அம்மாவின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. அதைவிட மகிழ்ச்சியான கடிதத்தை அவர் எனக்கு எழுதியதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த அம்மையார் நானூற்றுப் பதினேழைத் தேடினார். மழை நாளிலும் வலை கட்டினார். நான் துணிப்பையோடு மேசைக்கு வரும்போதெல்லாம் "அவளா?" என்பார். இல்லை என்று நான் தலையசைப்பேன். ஓகஸ்ட் முடிந்தது. கடிதத்தில் ஏழு என்பதை அடித்து ஆறு என்று திருத்தினார். அத்தோடு, கேட்காமலே, இன்னொரு வரியும் சேர்த்தார்: "ஏழாவது குளிர்காலத்தில் அது காணப்படவில்லை."

"அதை ஏன் எழுதுகிறீர்கள்? அவர்கள் கேட்கவில்லையே."

"நடந்ததை எழுதாமல் விடுவதற்கு நான் யார்?"

இந்த இடத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. அதுவரை ஒரு குருவியின் சாவை மறைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். அது செத்ததற்குச் சாட்சியான அதே வளையம், அது வந்ததற்கும் சாட்சி. பாதிக் கரையை வெட்டிய பிறகும், கடலைத் தாண்டி, அதே வளைவுக்கு ஏழாவது முறையும் வந்திருந்தது. அவர் ஆறு வாரம் மழையில் நின்று தேடியது என் வீட்டில் இருந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சோற்றையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? ஒரு வெள்ளைக்காரிக்கு என் அப்பாவையும் காகத்தையும் எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்தபடி இருந்துவிட்டேன். கூட்டம் முடிந்தது. ஓடை குழாய்க்குள் போனது. ஏழு என்றிருந்தால் போகாமல் இருந்திருக்குமா, எனக்குத் தெரியாது. நகரசபைகள் குருவிக்காகத் திட்டத்தை மாற்றுவது அபூர்வம். ஆனால் அவர் கேட்டது ஒரேயொரு திகதி. அது என்னிடம் இருந்தது.

அடுத்த வருடம் அவர் வலைகளைச் சுருட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குத் தங்கையோடு வாழப் போனார். ஸ்டேஷனில், "நீங்கள் நன்றாக எழுதினீர்கள், லவ்" என்றார்.

வளையத்தை விபூதிப் பேணிக்குள் வைத்திருந்தேன். எழுபதுகள் முடியப்போகும் ஒரு நாள், பேணியைக் கழுவ எடுத்த மனைவியின் விரலில் அது தட்டுப்பட்டது.

"இதென்ன, ஆரின்ர மோதிரம்? எறும்புக்குக் கலியாணமோ?"

அவள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வளையத்தைச் சேலையில் துடைத்து மேசையில் வைத்தாள்.

"அப்ப அது காகமில்லை" என்றாள் கடைசியில்.

"இல்லை."

"மாமிக்கு எழுதினது என்ர கை. என்னையும் சேர்த்தெல்லே பொய்க்காரி ஆக்கிப்போட்டியள். மைனாவைக் காகம் எண்டு எழுதச் சொன்னதுக்கு எனக்கு எவ்வளவு பேச்சு!" பிறகு குரல் தணிந்தது. "அந்த மனிசி இருக்கிறாவோ?"

"இருக்கிறா."

"போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. தபாலில போடாதேங்கோ. நேர போங்கோ."

மெல்பேர்னில் அவர் வீட்டுப் பின்கட்டில் வெயிலில் இருந்தார். மெலிந்திருந்தார். தேநீர் ஊற்றினார். நான் குடிக்காமல் வளையத்தை மேசையில் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வில்லையை எடுத்தார். வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"எப்போது?"

"ஆடி அமாவாசை அன்று" என்று தமிழில் வந்துவிட்டது. ஆங்கிலத் திகதி எனக்கு நினைவில் இருக்கவில்லை. "கறவொங் வந்து இரண்டு செத்த நாள்" என்றேன்.

உள்ளே போய் அந்த வருடக் கொப்பியைக் கொண்டுவந்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சோறு, கல், அப்பா, அம்மாவின் கடிதம். இடையில் ஒரே ஒரு கேள்வி: "அவை சோறு தின்றுகொண்டிருந்தபோது அவற்றின் கண்ணைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"நிறம்?"

"மஞ்சள்."

அவர் தலையாட்டினார். மன்னித்தாரா, தீர்ப்புச் சொன்னாரா, வெறும் விவரத்தை வாங்கிக்கொண்டாரா, எனக்கு விளங்கவில்லை. பக்கத்தைத் திருப்பி என் முன் தள்ளினார். இரண்டு இறப்பு, வளையம் இல்லை. என் கையெழுத்து, அழகாக இருந்தது.

"உங்கள் எழுத்து. நீங்களே திருத்துங்கள்."

இரண்டை அடித்து மூன்று என்று எழுதினேன். அவர் வில்லை வழியே இலக்கத்தை முழுவதுமாக வாசித்தார். நான் எழுதினேன். திருப்பி வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வளையத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் வந்திருக்கிறாள்" என்றார். பிறகு, "சரி."

முன்பெல்லாம் அந்தச் சொல்லோடு கை திறக்கும். அன்று வளையத்தின் மேல் மூடிக்கொண்டது. "குளிர்கிறது, நான் உள்ளே போக வேண்டும்" என்றார். வாசல்வரை வரவில்லை. அன்று முழுவதும் ஒரு தரமும் என்னை 'லவ்' என்று கூப்பிடவில்லை என்பது ரயிலில்தான் உறைத்தது. அதன் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "சொன்னியளோ?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"வந்திருக்கிறாள் எண்டு சொன்னவ."

"மாமிக்கு?" என்று கேட்டு எயர்மெயில் தாளை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

'அன்புள்ள அம்மா' என்று எழுதிவிட்டு இருந்தேன். அன்று வந்தது காகமில்லை என்று எழுதலாம். காகம் இல்லையென்றால் அப்பா வரவில்லை, அம்மாவின் அந்த மகிழ்ச்சி பிழை. இந்த நாட்டில் அப்பாவுக்கு வேறு உடம்பு கிடைத்திருக்கவில்லை, அதனால் மஞ்சள் கண்ணோடு வந்தார் என்று எழுதலாம். அப்படியென்றால் என் சோற்றைத் தின்றுவிட்டு அந்தக் குருவியையும் தின்றது யார்? இரண்டு வரியில் எந்த வரியை எழுதினாலும் ஒருவர் என் கையால் சாகிற மாதிரி இருந்தது. குசினியில் தட்டுகள் கழுவும் சத்தம் நின்றது. அவள் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது.

சிட்னியில் இந்த வருடம் குளிர் அதிகம், ஆனால் சமாளிக்கிறோம் என்று எழுதி, தாளை மடித்து ஒட்டினேன்.